முதலில் நிற்கப் பழக்குவோம்

இன்று ஒரு காரைப் பற்றிப் பேசப் போகின்றேன். இலக்கிய நிகழ்ச்சியில் காருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

வெள்ளவத்தையில், கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அதன் முற்றத்துக் கொட்டகையில் பதினேழு வருடங்கள் போர்வைக்குள் கிடந்தது அப்பாவின் மொரிஸ் மைனர். 1957ஆம் ஆண்டுக் கார். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இனம். மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நடுவே இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்தவர் அவர். பிரித்தானியக் கார்களில் பத்து இலட்சத்தை முதலில் எட்டியது இதுவே. வடக்கில் எரிபொருள் தடை இருந்த 1990களில் இதையும் ஒஸ்ரின் கார்களையும் சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

அப்பா காரை நிறுத்தியது 2006இல். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுடன் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போவார். ஒருநாள் திரும்பும் வழியில் மூன்று சோதனைச் சாவடிகளில் இறக்கிச் சோதித்தார்கள். மூன்றாவது இடத்தில் பின்னிருக்கையையும் கழற்றினார்கள். வீடு வந்தவர் சாவியை லாச்சிக்குள் போட்டார். 2019இல் கண்மூடும் வரை அதை எடுக்கவுமில்லை, காரணம் சொல்லவுமில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. "நல்ல விலை போகுதாம், வித்துப் போடு" என்றார் ரொறன்ரோவிலிருந்து அண்ணா. "ஒருக்கா கோயிலுக்குப் போய் வந்திட்டு வில்லுங்கோ" என்றார் அம்மா.

2023இல் கொட்டாஞ்சேனையிலிருந்து மெக்கானிக் பாஸ் ஒருவர் வந்தார். நான் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அவசரப்படாதீங்க சேர். முதல்ல நிக்கப் பழக்குவோம். ஓடுறது பிறகு."

உப்புக் காற்றில் பிரேக் சிலிண்டர்கள் இறுகிப் போயிருந்தன. அவற்றை மாற்றப் பஞ்சிகாவத்தையில் நான்கு நாள் அலைந்தோம். பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களுக்குள்ளும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற வைத்தார். துருப்பிடித்த பிஸ்டன் வளையங்களை மோட்டாரால் இழுத்தால் உடைந்துவிடுமாம். முன்புறக் கைப்பிடியால் மெல்ல மெல்லச் சுற்றினார். தாங்கியிலிருந்த பெற்றோல் வார்னிஷ் மணத்துடன் பிசினாகியிருந்தது. புதிய பற்றரியில் நேர்முனையைக் காரின் உடலோடு இணைத்தார். இன்றைய கார்களுக்கு இது நேர்மாறு.

பிறகுதான் சாவியைக் கேட்டார். திருப்பியதும் எரிபொருள் பம்பு டிக், டிக் என்றது. உள்ளே இருந்த அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். அப்பா புறப்படும்போது கேட்கும் சத்தம் அது. மூன்றாம் முயற்சியில் இயந்திரம் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஓட்டினேன். அம்மா தனது பழைய இடத்தில். காலி வீதியில் கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது வேகத்தைச் சற்றுக் குறைத்தேன். அங்கே சாவடி இல்லை. போர் முடிந்து பதினான்கு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அம்மாவின் கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையை வெளியே எடுத்தது.

யாரும் கேட்கவில்லை. அவர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். கோயில் வரும் வரை மடியிலேயே வைத்திருந்தார்.

காரை நாங்கள் இன்னும் விற்கவில்லை.