பந்து யார் வசம்? நேரம் யார் கேட்பது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கூடைப்பந்துத் திடலில் அடிக்கடி எழும் சண்டை இரண்டு. "பந்து எங்ககிட்டதானே சார்!" என்பது ஒன்று. "டைம் அவுட் கேட்டோமே, ஏன் கொடுக்கல?" என்பது மற்றொன்று.

முதலில் பந்து. ஆட்டத்தில் இருக்கும் பந்தைப் பிடித்திருப்பவர், தட்டிக்கொண்டு ஓடுபவர் வசமே பந்து உள்ளது. அவர் தோழனுக்கு எறிகிறார். பந்து காற்றில் பறக்கும்போது யாருடையது? அப்போதும் அந்தக் குழுவினுடையதுதான்! எதிரணி பந்தைக் கைப்பற்ற வேண்டும்; அல்லது ஆட்டம் நிற்க வேண்டும்; அல்லது கூடையை நோக்கி எறிந்த பந்து கையை விட்டுப் போக வேண்டும். அதுவரை உரிமை மாறாது. எதிரணியின் விரல் பட்டால் மட்டும் போதாது. 24 விநாடிக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து டைம் அவுட். தோட்டத்தில் லீவு வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்து கத்தினால் கிடைக்குமா? கிராணியாரிடம் போய்க் கேட்கணும். அதுபோல, அனைத்துலக விதிப்படி பயிற்றுநரோ முதல் துணைப் பயிற்றுநரோதான் புள்ளி குறிப்பவரின் மேசையில் சைகை காட்டிக் கேட்க வேண்டும். ஆட்டம் நின்று கடிகாரமும் நின்றிருக்கும்போது, அல்லது எதிரணி கூடை போட்டதும் கிடைக்கும். முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3; ஒவ்வொன்றும் 1 நிமிடம். மிச்சம் அடுத்த பாதிக்கு வராது.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் பந்தை வைத்திருக்கும் ஆட்டக்காரரே கேட்கலாம் என்றிருந்தது. 1993 ஏப்ரல் 5, நியூ ஆர்லியன்ஸ் நகரில் இறுதியாட்டம். வட கரோலினா 73, மிச்சிகன் 71. இன்னும் 11 விநாடிதான். மிச்சிகனின் கிறிஸ் வெபரை இருவர் மறிக்க, அவர் டைம் அவுட் கேட்டார். பந்து அவர் கையில். கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் அணியிடம் டைம் அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை! தண்டனையாக எதிரணிக்கு இரண்டு தனி எறிகள், அதோடு பந்தும் போயிற்று. முடிவு 77-71.

செல்வங்களே, விதியைப் பாதி தெரிந்தால் போதாது. பந்து யார் வசம், யார் கேட்கலாம், எத்தனை மிச்சம், இந்த மூன்றும் மனத்தில் இருக்கணும். தெரியாவிட்டால் ஆட்டத்துக்கு முன்பே பயிற்றுநரிடம் கேளுங்கள். ஆட்டம் முடிந்தபின் நடுவரோடு சண்டை வேண்டாம்.

பெற்றோர்களே, அதே வெபர் அந்த ஆண்டே தொழில்முறை ஆட்டத்துக்கு முதல் ஆளாகத் தேர்வு பெற்றார். 2021-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்திலும் இடம் பெற்றார். இன்று பரிசு வாங்காத பிள்ளையை வீட்டில் ஏசாதீங்க. அடுத்த ஆட்டம் இருக்கு.