இறுகிப் பிடிக்கும் சார்ஜிங் பிளக்

மின்சாரக் காரின் சார்ஜிங் பிளக் இறுக்கமாக இருப்பது குறையல்ல, தேவை. பிடி தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும், சூடேறும், பிளாஸ்டிக் உருகவும் கூடும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கும் டைப் 2 பிளக்கில் 7 முனைகள். ஏழும் ஒருசேரக் கவ்வுவதால் கைக்குக் கொஞ்சம் பலம் வேண்டித்தான் இருக்கிறது.

சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் பிளக் வராமல் அடம்பிடித்தால், பெரும்பாலும் காரணம் பூட்டுதான். சார்ஜ் ஏறும்போது காரிலிருந்து ஒரு சிறு கம்பி நீண்டு பிளக்கின் பள்ளத்தில் இறங்கிக்கொள்ளும். பெரும்பாலான கார்களில், கதவுப் பூட்டைத் திறந்தால் அது பின்வாங்கும். இழுத்துக்கொண்டே திறந்தால் கம்பி பள்ளத்தின் விளிம்பில் மாட்டி நகராது. பிளக்கைச் சற்று உள்ளே தள்ளிப் பிடித்துச் சாவிப் பொத்தானை அழுத்த வேண்டும். 'டக்'கென்று சத்தம் கேட்டதும் நேராக இழுத்தால் வந்துவிடும். கேபிளின் கனம் பிளக்கைக் கீழே சாய்க்கும். மறுகையால் அதைத் தாங்கிக்கொள்வது நல்லது. கேபிளையே பிடித்து இழுப்பது மட்டும் கூடவே கூடாது.

எண்ணெயோ கிரீஸோ தடவினால் தூசி அப்பிக்கொண்டு இறுக்கம் இன்னும் கூடும். எதற்கும் அசையாவிட்டால், பல கார்களில் டிக்கியிலோ பானெட்டுக்கு அடியிலோ அவசர இழுகயிறு இருக்கும். அதன் இடத்தை வண்டிக் கையேடு காட்டும்.