விண்கலத்தில் நான்கு மீன்கள்



1994 ஜூலையில் அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கூடவே நான்கு மெடாகா மீன்களும் போயின. ஜப்பானில் நெல்வயல் வாய்க்கால்களில் திரியும் பொடி மீன் இது. நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது. இரண்டு ஆண், இரண்டு பெண். மேலே அவற்றைக் கவனித்துக்கொண்டவர் சியாகி முகாய். ஜப்பானிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் பெண். அவருடைய தொழில் இதய அறுவை சிகிச்சை!

மீனுக்கு விண்வெளியில் என்ன வேலை? சொல்கிறேன்.

கத்தாளை மீனின் தலையை உடைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அதற்குள் இருக்கும் வெள்ளைக் கல் தெரிந்திருக்கும். அதுதான் செவிக்கல். எது மேலே, எது கீழே என்று மீன் அறிவது அந்தக் கல்லின் எடையை வைத்துத்தான். நம் உள்காதிலும் இதே வேலைக்கு மணல்போல் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. விண்வெளியில் கல்லுக்கு எடை இல்லை. மனிதருக்குத் தலை சுற்றிக் குமட்டும். மீனோ திசை தெரியாமல் வட்டமடிக்கும். 1973இல் ஸ்கைலாப் என்ற விண்வெளி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன மீன்கள் அப்படித்தான் சுழன்றன.

சுழல்கிற மீன்கள் எப்படி இணை சேரும்? ஆண் மெடாகா பெண்ணோடு ஒட்டி நீந்தி, துடுப்பால் அணைத்துக்கொண்டால்தான் முட்டை கருவுறும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கெனிச்சி இஜிரி இதற்கு வழி தேடினார். விமானத்தை மேலே ஏற்றி வில்போல் வளைத்து இறக்கினால், உள்ளே இருபது வினாடி அளவுக்கு எடை இல்லாமல் போகும். அதில் மீன்களை வைத்துப் பார்த்தார். சில மீன்கள் சுழலவில்லை. செவிக்கல் கைவிட்டாலும், கண்ணையும் வெளிச்சத்தையும் வைத்துச் சமாளித்தன. அந்த வகையிலிருந்து பொறுக்கியெடுத்த நான்குதான் கொலம்பியாவில் போனவை. அவை 43 முட்டைகள் இட்டன. எட்டுக் குஞ்சுகள் விண்வெளியிலேயே பொரித்தன. முதுகெலும்புள்ள உயிர் ஒன்று பூமிக்கு வெளியே இணை சேர்ந்து குஞ்சு பொரித்தது அதுவே முதல்முறை. பொறுக்கியெடுக்கத் தெரிந்ததில்தான் இந்த ஆய்வின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இருக்கிறது என்பேன்.

முகாய் 1998 அக்டோபர் கடைசியில் மறுபடியும் பறந்தார். அப்போது உடன் வந்தவர் 77 வயது விண்வெளி வீரர் ஜான் கிளென். அந்தப் பயணத்திலும் மீன் உண்டு, காது ஆராய்ச்சியும் உண்டு.

நவம்பர் 7 அன்று அவர்கள் தரையிறங்கினார்கள். அதே மாதம், முகாயின் துறையான இதய மருத்துவத்துக்கும் விண்வெளித் தொழில்நுட்பம் கைகொடுத்தது. ஐரோப்பாவில் ஒரு நோயாளியின் நெஞ்சுக்குள், இதயத்துக்கு உதவும் புதுவகைப் பம்பு ஒன்றைப் பொருத்தினார்கள். இந்தப் பம்பின் கதை அமெரிக்காவின் ஹூஸ்டனில் தொடங்குகிறது. டேவிட் சாசியே நாசாவின் எஞ்சினியர். 1984இல் மைக்கேல் டிபேக்கி என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவரிடம் மாற்று இதயம் பெற்றவர். மாற்று இதயம் கிடைக்கும்வரை நோயாளியைத் தாங்க ஒரு கருவி வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி, டார்ச் செல் அளவில் ஒரு பம்பை உருவாக்க முனைந்தார்கள்.

சிக்கல் ரத்தத்தில் இருந்தது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் விசிறி சிவப்பணுக்களைக் கிழித்துவிடும். அதற்குப் பயந்து வேகத்தைக் குறைத்தால், ரத்தம் மூலையில் தேங்கி உறைந்துவிடும். விண்கல எஞ்சினில் எரிபொருள் ஓட்டத்தைக் கணிக்க நாசாவில் சூப்பர் கம்ப்யூட்டர் முறைகள் இருந்தன. அதே முறையில் ரத்தத்தின் ஓட்டத்தையும் கணக்குப் போட்டு, விசிறி இதழ்களின் வடிவத்தைத் திருத்தினார்கள். சிவப்பணுச் சேதம் வெகுவாகக் குறைந்தது.

இந்த வகைப் பம்பு இதயம்போல் துடிப்பதில்லை. ஓயாமல் ஒரே சீராக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால் இதைப் பொருத்திக்கொண்ட பலரின் மணிக்கட்டில் நாடி அகப்படாது. ரத்த அழுத்தம் பார்க்கக்கூட டாக்டர்கள் வழக்கமான ஸ்டெதஸ்கோப்பை நம்பாமல், மீயொலிக் கருவியை எடுக்க வேண்டியிருக்கிறது.