போர்ச் செலவு எவர் தோளில்?

(மானிப்பாயில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வரி என்றதும் முகஞ்சுளிப்பது மனித இயல்பு. ஆயினும் போருக்கென்று பிறந்த வரிகளின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். போரைத் தொடங்குவோர் சிலர். அதன் செலவைச் சுமப்போர் பலர். அச்சுமை எவர் தோளில் ஏற்றப்படுகின்றது என்பதே ஓர் அரசின் நீதியை அளக்கும் கோலாகும்.

வருமான வரி போரின் பிள்ளை. பிரான்சோடு பொருத இங்கிலாந்து, பிட் என்பார் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1799இல் அதனை விதித்தது. ஆண்டு வருமானம் 60 பவுணுக்குக் குறைந்தவர் விடுவிக்கப்பட்டனர். 200 பவுணுக்கு மேற்பட்டவர் பத்திலொரு பங்கு செலுத்தினர். 1815இல் வாட்டர்லூவிற் போர் முடிந்தது. மறு ஆண்டே வரியும் நீங்கிற்று. ஆனால் 1842இல் பீல் என்பார் அமைதிக் காலத்திலேயே அதனை மீட்டுக் கொணர்ந்தார். விருந்தாளியாய் வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்டான்!

இலங்கையில் நடந்தது யாது? முதலாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919இல், இறந்தவர் விட்டுச்சென்ற ஆதனத்தின்மீது மரண வரி வந்தது. உலகெங்கும் வியாபாரம் நலிந்திருந்த 1932இல் வருமான வரி வந்தது. அப்பொழுது அரசாங்க சபையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. 1931ஆம் ஆண்டுத் தேர்தலை நாம் பகிஷ்கரித்திருந்தோம். 1934இலேதான் அவை நிரம்பின. கொள்கை உயர்ந்ததாயிருக்கலாம், வரியோ நமக்காகக் காத்திருக்கவில்லை. பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1941இல், வழமைக்கு மேற்பட்ட இலாபம் ஈட்டிய தொழில்கள்மீது மிகை இலாப வரி விதிக்கப்பட்டது.

முதுசக் காணியைக் கண்போற் காக்கும் நமக்கு இவை கசக்கலாம். ஆயினும் இவை மூன்றும் உள்ளவனை நோக்கியே கை நீட்டின என்பதை மறுத்தல் இயலாது.

இனி, நம் கண்முன்னே நடந்த போரைப் பாருங்கள். 1983இன் பின் போர் முற்றிற்று; போர்ச் செலவும் ஏறிற்று. அந்நிலையில் 1985இல் மரண வரி நீக்கப்பட்டது! 1991இன் சட்டத்தால் தேசிய பாதுகாப்பு வரி வந்தது. அது வியாபாரத்தின் புரள்வின்மீது விதிக்கப்பட்டதாதலின், வியாபாரி அதனை விலையிற் சேர்த்தான், வாங்குபவன் செலுத்தினான். செல்வந்தனுக்கும் கூலியாளுக்கும் வீதம் ஒன்றே. மண்ணெண்ணெயும் பசளையும் தடுக்கப்பட்டு, இறைப்பு இயந்திரம் ஓயக்கண்ட நம் தோட்டக்காரனும், கடையில் வாங்கிய சரக்கின் விலையோடு அப்போருக்குத் தன் பங்கைக் கொடுத்தான். எவ்வளவு கொடுத்தான் என்பதை அவனே அறியான்.

2002இல் அவ்வரி எடுபட்டது. அதன் இடத்தைப் பெறுமதி சேர் வரி நிரப்பிற்று. 2009இல் போரும் ஓய்ந்தது. பெயர் போயிற்று, வாங்குபவன் தோளிற் சுமை நின்றது.

விளைந்த வயலில் யானை தானே புகுந்தால், அது உண்பதினும் காலால் அழிப்பதே மிகுதி என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அறிவுரை கூறினார் பிசிராந்தையார். வயலுழுவோருக்கு இதனை நான் விளக்கவேண்டுவதில்லை. கற்றோர் கடமை ஒன்றுண்டு: வரவுசெலவுத் திட்டம் வரும்போதெல்லாம் வரியின் பெயரைப் பாராது, அது இறங்கும் தோளைப் பார்த்து ஊராருக்கு எடுத்துரையுங்கள். தான் செலுத்துவது இன்னதென்று அறியாதவன் கணக்குக் கேட்கவும் அறியான்.