உயிர்ச் சுவடியின் இலக்கணம்



மொழி முந்தியதா, இலக்கணம் முந்தியதா என வினவின், மொழியே முந்தியது என்போம். வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே நம் முன்னோர் இலக்கணம் வகுத்தனர். அவ்வாறே, இலக்கணம் எழுதப்பெறாத ஒரு சுவடியை ஆராய்ந்து அதன் விதிகளைக் காண அறிவியலார் கணிப்பொறியின் துணைகொண்டு முயல்கின்றனர். அச்சுவடி நம் உயிரணுக்களில் உறையும் டி.என்.ஏ. ஆகும்.

அதன் எழுத்துகள் ஏ, சி, ஜி, டி என நான்கே. மனிதனின் ஒரு முழுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள. புரதத்தைக் குறிக்கும் பகுதிகளில் மும்மூன்று எழுத்துகள் ஒரு சொல்லாய் நிற்கும். ஏ-டி-ஜி தொடக்கச் சொல். டி-ஏ-ஏ, டி-ஏ-ஜி, டி-ஜி-ஏ ஆகியன முடிவுச் சொற்கள்.

டி.என்.ஏ.விலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. இழை சில இடங்களில் தன்மேலேயே மடிந்து இணையும். ஆங்கு முன் வந்த எழுத்துகளுக்குரிய இணையெழுத்துகள் பின்னே தலைகீழ் வரிசையில் வருதல் வேண்டும். திறந்த அடைப்புக்குறியை மூடுவது போன்ற விதி இது. இவ்வகை விதிகளைக் கடத்து ஆர்.என்.ஏ.வின் எடுத்துக்காட்டுகளிலிருந்தே கணிப்பொறி கற்கும் முறையைச் சகாகிபாரா குழுவினர் 1994-இல் வெளியிட்டனர்.

எனினும் ஓர் எல்லை உண்டு. சரியான தொடர்களை மட்டும் காட்டினால், எளிய இலக்கண வகைகளைக்கூட ஐயமறக் கற்றல் இயலாதென 1967-இல் மார்க் கோல்டு என்னும் அறிஞர் கணித வழியில் நிறுவினார். தாம் கண்ட விதி அளவுக்கு மீறி அகன்றதா என்பதைக் காட்ட, 'இது பிழை' எனக் கூறுவாரும் வேண்டும். வேற்றுமொழி சூழ்ந்த நகரில் பிள்ளைகளுக்குத் தமிழ் பயிற்றும் நாம் இதனை நன்கு உணர்வோம். இயற்கையோ பிழைகளை எளிதிற் காட்டுவதில்லை. பெரும்பிழை தாங்கிய உயிர் பெரும்பாலும் பிழைப்பதில்லை!

மற்றொன்றும் கருதத்தக்கது. இலக்கணம் வழுவாதிருந்தும் பொருள் வழுவலாம். சிவப்பணுப் புரதத்தின் மரபணு ஒன்றில் ஜி-ஏ-ஜி என்னும் சொல் ஜி-டி-ஜி என மாறுவதே அரிவாளணு நோய்க்கு மூலம். இரண்டும் இலக்கணத்திற்கு உடன்பட்ட சொற்களே. ஆயினும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற குழந்தை வாழ்நாளெல்லாம் துன்புறும். நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே இம்மாற்றம் இருப்பது 1952-இல் அறியப்பட்டது.

ஆகவே, கணிப்பொறி காணும் விதியை முடிந்த முடிபாகக் கொள்ளாது, கருதுகோளாகவே கொள்வோம். ஆய்வுக்கூடத்திலும் நோயாளியின் படுக்கையருகிலும் அதனை உரைத்துப் பார்த்த பின்னரே ஏற்போம். ஓரெழுத்து ஓருயிரின் வாழ்வாகும் இடத்தில், விரைவினும் தெளிவே நமக்கு வேண்டுவது.