வழியனுப்பிய பிறகு



வெளிநாடு சென்று படிக்கும் பெண்ணுக்கு உதவி என்றதும் பயணச்சீட்டும் கட்டணமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவம் படிக்க அமெரிக்கா சென்ற ஆனந்திபாய் ஜோஷிக்கு முதலில் கிடைத்தது ஒரு கடிதம்.

1880இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த திருமதி கார்ப்பென்டர் பல் மருத்துவருக்காகக் காத்திருந்த நேரத்தில் ஓர் இதழைப் புரட்டினார். மனைவியின் படிப்புக்கு உதவி கேட்டு ஆனந்தியின் கணவர் எழுதிய கடிதம் அதில் வெளியாகியிருந்தது. முன்பின் அறியாத அந்தப் பெண்ணுக்கு அவர் எழுதத் தொடங்கினார். 1883இல் கணவர் துணையின்றிக் கப்பலேறி வந்த 18 வயது ஆனந்தியைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886இல் பட்டம் பெற்ற ஆனந்தி, மறு ஆண்டே காசநோயால் மறைந்தார். அவரது அஸ்தி கார்ப்பென்டர் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில்தான் வைக்கப்பட்டது.

எங்கள் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தி இப்போது தைவானில் படிக்கிறாள். ஆசிரியர்கள் சேர்ந்து பணம் திரட்டினோம், பொன்னாடை போர்த்தினோம். (பொன்னாடை இல்லாமல் நமக்கு எந்த விழாவும் நிறைவதில்லை!) ஞாயிறுதோறும் மாலையில் அவளோடு பேசுகிறேன். பாடம் புரியவில்லை என்று வீட்டில் சொல்ல அவளுக்குப் பயம். அப்பா கடன் வாங்கியிருக்கிறார். சென்ற பருவத்தில் ஒரு தாளில் தேர்ச்சி பெறவில்லை. "திரும்பி வந்துடவா டீச்சர்?" என்றாள். அந்த வாரம் தினமும் பேசினோம். அங்கேயே ஒரு பேராசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இப்போது வாரம் இருமுறை அவரிடம் போகிறாள். வரும் வியாழக்கிழமை மறுதேர்வு.