மருந்தும் நம்பிக்கையும்

(பழைய மாணவர் சந்திப்பு நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உன் வங்கி அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்றார் செயலாளர். சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பேசினால் பாதிப்பேர் தூங்கிவிடுவீர்கள். (சிரிப்பு) அதனால் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் இங்கே உட்கார்ந்திருக்கும் சிலருக்கும் பங்கு உண்டு.

2011 ஜூன் மாதம். என் மகளுக்கு ஏழு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல், முகம் வெளுப்பு, காலில் நீல நீலமாகத் திட்டுகள். விளையாடும்போது விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "இன்னைக்கே சென்னைக்குக் கிளம்புங்க" என்றார். அங்கே எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு லுக்கேமியா என்றார்கள். ரத்தப் புற்றுநோய். "குழந்தைகளுக்கு வர்ற இந்த வகையில, வைத்தியத்தை முழுசா முடிச்சா பெரும்பாலான பிள்ளைங்க பிழைச்சிடறாங்க" என்றும் டாக்டரம்மா சொன்னார். அது எங்கள் காதில் விழவே இல்லை.

என் அம்மா அன்றைக்கே வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பேத்தியின் முடியை நேர்ந்துகொண்டார். நானோ வேதியியல் படித்தவன். கோயிலுக்குப் போனால் வாசலில் நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற ஆள். மூன்றாவது வாரம், மருந்தின் வேகத்தில் குழந்தையின் முடி தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. அம்மா அதைப் பொறுக்கி எடுத்து, "சாமிக்குன்னு சொன்னதைக்கூடக் காப்பாத்த முடியலியே" என்று அழுதார். கோயில் தீர்த்தம் கொண்டுவந்தார். காய்ச்சாத தண்ணீர், பூ எதுவும் வார்டுக்குள் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். எதிர்ப்பு சக்தியே இல்லாத பிள்ளைக்கு அதிலிருந்து கிருமி தொற்றலாம். அம்மா தீர்த்தத்தை வெளியே வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார்.

ஒரு மாதம் கழிந்து மறுபடி மஜ்ஜையைப் பார்த்தார்கள். நோய் அணுக்களைக் காணவில்லை. அம்மா சொன்னார்: "சாமி குணமாக்கிடுச்சுடா. இனிமே எதுக்கு ஊசி? பிள்ளை வாயெல்லாம் புண்ணு. ஊருக்குப் போயிடலாம்." பச்சிலை வைத்தியர் ஒருவரின் விலாசத்தோடு உறவினர்களும் வந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை வந்தது. சேமிப்பு கரைந்திருந்தது. முதுகுத்தண்டில் ஊசி போடும் நாளில் அவள் அலறும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். நோய் தெரியவரும்போது உடம்பில் சுமார் லட்சம் கோடி நோய் அணுக்கள் இருக்கும். ஆயிரத்தில் ஒன்று மிஞ்சினாலே நூறு கோடி. அது மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது. விட்டால் திரும்ப வரும். அதனால்தான் இரண்டரை ஆண்டு வைத்தியம். எனக்குக் கணக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பி, "பாட்டிம்மா, இந்த வின்கிறிஸ்டின் ஊசி எதுல இருந்து எடுத்தது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடி" என்றார்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷமாகக் காலையில் அவர் பறித்துச் சாமிக்குப் போடும் பூ அது. "நான் போட்ட பூவைத்தான் ஊசியா திருப்பிக் குடுக்கறான்" என்றார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகலாம் என்ற பேச்சே இல்லை. (மாணவர்கள் கவனிக்க: அந்த இலையை அரைத்துக் குடித்தால் மருந்து ஆகாது, விஷம். பல நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து பிரித்து எடுக்கும் துளி அளவுதான் மருந்து. 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.)

பிறகு வீட்டில் மாத்திரைக் காலம். தினமும் ஒன்று, வாரம் ஒருநாள் மெதோட்ரெக்ஸேட். அந்த வகை மருந்துகளை உருவாக்கிய ஆராய்ச்சிக் குழுவை நடத்திய யெல்லப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா ஒரு சட்டம் போட்டார். ராத்திரி மாத்திரை உள்ளே போனால்தான் தினசரிக் காலண்டரில் தாள் கிழியும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒரு தாள்கூடத் தப்பவில்லை. நம்பிக்கை என்றால் என்ன என்று நான் படித்தது அந்தக் காலண்டரில்தான்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் பேசுவது பொய்யாகிவிடும். பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன். அவன் வீட்டிலும் வேண்டுதல், அவர்களிடமும் அதே டாக்டர், அதே மருந்து. நாலாவது மாதம் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அவர்கள் நம்பிக்கை எங்களுடையதைவிடக் குறைச்சல் என்று எவனாவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்து நாள் கழித்து அவன் அப்பா வந்தார். எங்களிடம் வாங்கிய பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, "பாப்பாவுக்கு ரத்தம் வேணும்னாங்களே, என்னுது அதே குரூப்புதான்" என்று கையை நீட்டினார். அவர் முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அந்த இரண்டரை ஆண்டில் ரத்தமும் பிளேட்லெட்டும் கொடுத்தவர்களில் ஏழு பேர் என் வகுப்புத் தோழர்கள். ஒரு போன்தான் போட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை. அவர்களில் நாலு பேர் இதோ முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். (கைதட்டல்)

2013 டிசம்பரில் வைத்தியம் முடிந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பரிசோதனைக்குப் போய் வந்தோம். நோய் திரும்பவில்லை. முடி நன்றாக வளர்ந்ததும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். "இன்னொரு மொட்டையா பாட்டி?" என்று முறைத்தாள். பிறகு அவளாகவே போய் உட்கார்ந்து, "போன தடவை தானா கொட்டுச்சு. இந்தத் தடவை நானே குடுக்கறேன்" என்றாள். அன்றைக்கு நான் செருப்புக்குக் காவல் இருக்கவில்லை. உள்ளே போனேன்.

மாணவச் செல்வங்களே, பதினெட்டு வயதும் 45 கிலோ எடையும் ஆரோக்கியமும் இருந்தால் நீங்கள் ரத்தம் கொடுக்கலாம். எங்கோ ஒரு வார்டில் ஒரு பாட்டி வேண்டிக்கொண்டிருக்கிறார். அந்த வேண்டுதலுக்குப் பதில் உங்கள் கையில் இருக்கலாம்.